தெரியாது என்று சொல்லாத கார்

நெஸ்பியென்,
மார்ச் முதல் வாரம்

அன்புள்ள மகன் ஸ்டைனாருக்கு,

நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் மட்டும் அறுவை சிகிச்சை முடிந்தும் இன்னும் அவள் பேச்சைக் கேட்கவில்லை. சிலியில் இப்போது கோடை முடிகிற நேரம், மீன் பண்ணையில் உனக்கு மூச்சு விட நேரமில்லாத மாதம், அப்படியிருந்தும் நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்க வேண்டும் என்று நினைத்தபடியே இதை எழுதுகிறேன். இனி நடந்த அநியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் கார் என்னிடம் பொய் சொன்னது. ஒரு தடவை அல்ல, காலையில் தொடங்கிப் பிற்பகல் வரை திரும்பத் திரும்பச் சொன்னது. அந்தப் பொய்யை நம்பியதால் என் கூடப் பிறந்த தம்பி, உன் சித்தப்பா அஸ்லாக்கின் சவப்பெட்டியை நான் தூக்கவில்லை. பெட்டி தூக்கும் ஆறு பேரில் முன்னால் வலது பக்கம் என் இடம், மூத்தவனின் இடம். அந்த இடத்தில் அஸ்லாக்கின் பக்கத்து வீட்டு ஸ்வெர்ரே நின்றான்.

இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் நீ பாதியில் வெட்டிவிடுகிறாய். போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான், விடுங்கப்பா, அது ஒரு மதிப்பீடுதானே, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டு மருமகள் கூப்பிடுகிறாள் என்று வைத்துவிட்டாய். கடிதத்தை வெட்ட முடியாது. கொஞ்சம் முன்னே பின்னே என்றால் எவ்வளவு என்பதை நீ கடைசி வரி வரை உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் கையால் எழுதுகிறேன்.

அஸ்லாக் ஜனவரியில் இறந்தான், அதற்கு நீ வர முடியாமல் போனதில் எனக்கு வருத்தமில்லை, அங்கிருந்து வருவது எளிதல்ல என்று எனக்குத் தெரியும். அடக்கம் மலைக்கு அந்தப் பக்கம் ஐட்ஃபியோர்ட் தேவாலயத்தில், பிற்பகல் இரண்டு மணிக்கு. அம்மாவுக்கு முழங்கால் மடங்காது என்பதால் நான் தனியாகப் புறப்பட்டேன். ரயிலில் போயிருக்கலாமே என்று நீ கேட்பாய், ரயில் வோஸ்ஸில் இறக்கிவிடும், அங்கிருந்து அந்த நேரத்துக்குச் சேர்கிற பஸ் இல்லை, அதைப் பார்த்துவிட்டுத்தான் காரை எடுத்தேன். இந்தக் குளிர்காலத்திலேயே மிகக் கடுமையான காலை அது, கதவின் கைப்பிடியில் கையுறை ஒட்டிக்கொண்டது. வீட்டில் எண்பது சதவீதம் வரை சார்ஜ் ஏற்றியிருந்தேன், அதற்குமேல் ஏற்றினால் பேட்டரியின் ஆயுள் குறையும் என்று காரோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிறது, அதை எனக்கு முதலில் படித்துக் காட்டியவன் நீதான். பள்ளத்தாக்கில் ஏறி ஹௌகாஸ்டோல் போய்ச் சேரும்போதே பாதிக்கும் கீழே போய்விட்டது. ஏற்றம், குளிர், கண்ணாடியில் உறைபனி பிடிக்காமலிருக்கச் சூடு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, எந்த வண்டியானாலும் தின்னத்தான் செய்யும்.

மலைக்கு இந்தப் பக்கத்தில் அங்கே இருப்பதுதான் கடைசிச் சார்ஜர், காப்பிக் கடையின் பக்கச் சுவரோரம் நிற்கிறதே அது. மேலே காற்று அடித்துக்கொண்டிருந்தது, அதனால் தனியாக யாரையும் விடவில்லை, தடுப்புக் கட்டை முன்னால் வரிசையாக நின்று, சாலைப் பனியை ஒதுக்கித் தள்ளும் உழும் வண்டியின் பின்னால் எல்லோரும் சேர்ந்துதான் போக வேண்டும். பதினொரு மணிக்கு ஒரு வரிசை என்றார்கள். கேபிளைச் செருகினேன். சார்ஜ் ஏற இருபத்தைந்து நிமிடம் என்று காரின் திரையில் காட்டியது. பெரிய வெள்ளை எழுத்து, பக்கத்தில் 'சுமாராக' என்றோ 'ஏறக்குறைய' என்றோ ஒரு சொல் கிடையாது. கையில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது, இருபத்தைந்து நிமிடம் தாராளம். உன் சித்தி போர்கில்டைக் கூப்பிட்டு, கவலைப்படாதே அம்மா, இன்னும் இருபத்தைந்து நிமிடத்தில் கிளம்பிவிடுவேன், இரண்டு மணிக்கு முன்னாலேயே அங்கே நிற்பேன் என்று சொன்னேன்.

பிறகு தாளில் மடித்து அம்மா கொடுத்திருந்த பழுப்புப் பாலாடைக்கட்டி ரொட்டியைச் சாப்பிட்டேன், பிளாஸ்கில் இருந்த காப்பியைக் குடித்தேன், அடக்கத்துக்குப் பிறகு விருந்தில் பேச வேண்டியதை மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். இருபது நிமிடம் கழித்துத் திரையைப் பார்த்தால் அப்போதும் இருபத்தைந்து. ஏதோ கணக்குத் தடுமாறுகிறது, சரியாகிவிடும் என்று நினைத்தேன். அப்போது ஒரு குடும்பம் வந்து அதே கம்பத்தின் இன்னொரு கேபிளை எடுத்துத் தங்கள் காரில் செருகியது. தலையசைத்தேன், அவர்களும் தலையசைத்தார்கள். ஒரே கம்பத்தில் இரண்டு கார் நின்றால் மின்சாரம் இரண்டாகப் பிரியும் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது, கம்பத்திலும் எழுதியிருக்கவில்லை. திரை முப்பது என்றது, பிறகு இருபது என்றது, பிறகு முப்பத்தைந்து. நீதிமன்றத்தில் ஒரு சாட்சி இப்படிப் பேசினால் நீதிபதி அவனை எழுந்து வெளியே போகச் சொல்வார்.

பதினொரு மணி வரிசை கிளம்பிப் போனது. நான் கேபிளோடு நின்றேன். அடுத்த வரிசை பன்னிரண்டரைக்கு என்றார்கள், அதில் போனால் தாமதம்தான், ஆனால் சேர்ந்துவிடலாம். அப்போது திரை இருபது நிமிடம் காட்டியது. போர்கில்டை மறுபடி கூப்பிட்டு, இருபது நிமிடம்தான் அம்மா, பாதிரியாரிடம் கேட்டு அரை மணி தள்ளி வை என்றேன். அவள் தள்ளி வைத்தாள்.

இப்போது நான் சொல்லப்போவதுதான் இந்தக் கடிதத்திலேயே முக்கியமானது, இதை அவசரமாகப் படிக்காதே. அந்த இரண்டாவது வரிசையில் ஒரு மீன் லாரி நின்றது, காலி லாரி, பெர்கனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் லிதுவேனியாக்காரர், டாரியுஸ் என்று பெயர், காப்பிக் கடையில் என் கறுப்புக் கோட்டையும் டையையும் பார்த்து எங்கே போகிறீர்கள் என்று விசாரித்தார். சொன்னேன். காரை இங்கேயே விட்டுவிடுங்கள், ஐட்ஃபியோர்ட் வழியாகத்தான் போகிறேன், தேவாலயத்து வாசலிலேயே இறக்கிவிடுகிறேன் என்றார். நான் திரையைப் பார்த்தேன். இருபது நிமிடம். வேண்டாம் என்றேன். அவர் விடவில்லை.

"பெருசு, சும்மா ஏறுங்க. தம்பி சாவுக்குப் போறவரு காருக்குக் காவல் இருக்கலாமா? பக்கத்து சீட்டு காலியாத்தான கிடக்கு."

"இருபது நிமிஷந்தான் தம்பி. வரிசைக்குள்ள நானும் வந்துருவேன், நீ போ."

அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய் ஏறினார். இருபது நிமிடம் என்று அது சொல்லாமல், தெரியாது என்று சொல்லியிருந்தால் நான் அந்த லாரியில் இருந்திருப்பேன். ஒன்றுமே காட்டாமல் இருட்டாகக் கிடந்திருந்தாலும் லாரியில் இருந்திருப்பேன். இதைத்தான் உனக்கு நான் தொலைபேசியில் சொல்ல முயன்றேன். பேட்டரி மெதுவாக நிரம்பியது என்று நான் புகார் சொல்லவில்லை. என் காலை எடுத்து வைக்க விடாமல் கார் ஒரு எண்ணைக் காட்டிப் பிடித்து வைத்திருந்தது என்பதுதான் என் புகார்.

இரண்டாவது வரிசைக்குக் கிடைத்த சார்ஜோடு போனேன். பனி உழும் வண்டிக்காரப் பெண் ஒவ்வொரு கார் ஜன்னலையும் தட்டிக்கொண்டு வந்தாள், எரிபொருள் எவ்வளவு, போர்வை இருக்கிறதா என்று கேட்டாள். என் திரையை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். மேலே இரண்டு மணி நேரம் நின்றுபோனால் இந்தச் சார்ஜில் உங்களுக்குச் சூடு இருக்காது, நான் உங்களைத் தேடி வர முடியாது என்றாள். எங்கே போகிறேன் என்று சொன்னேன். அவள் முகம் மாறியது, பதில் மாறவில்லை. அவள்மேல் எனக்குக் கோபமில்லை. லாரியைத் தேடினேன், அது வரிசையின் முன்னால், உழும் வண்டியை ஒட்டி நின்றது, நான் காரை ஓரமாகத் திருப்பி இறங்கி நடப்பதற்குள் கட்டை தூக்கப்பட்டு எல்லாம் நகர்ந்துவிட்டது. மறுபடி கம்பத்துக்கு வந்தேன். இருபத்தைந்து என்றது. மறுபடி போர்கில்டைக் கூப்பிட்டு இருபத்தைந்து என்றேன். அதற்குப் பிறகு மலையையே மூடிவிட்டார்கள், அன்றைக்கு வேறு வரிசை கிடையாது.

மூன்று மணிக்கு அஸ்லாக்கின் மகள் ஓஸ்னே ஒரு வரிச் செய்தி அனுப்பினாள், அப்பாவை வெளியே எடுத்து வந்துவிட்டோம் பெரியப்பா, ஸ்வெர்ரே உங்கள் இடத்தில் நின்றார் என்று. நான் தொப்பியைக் கழற்றினேன். காருக்குள்தான் இருந்தேன், வேறு எங்கே போவது. திரை எட்டு நிமிடம் என்று காட்டிக்கொண்டிருந்தது.

விருந்தில் நடந்ததையும் ஓஸ்னேதான் பிறகு சொன்னாள், சொல்லலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்துவிட்டுச் சொன்னாள். ரொட்டியும் கேக்கும் சுற்றி வரும்போது, மூத்தவர் பேச வேண்டிய நேரத்தில் யாரும் எழுந்திருக்கவில்லை. அப்போது ஸ்வெர்ரே தன் மேசையில் இருந்தவர்களிடம், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, ஒரு வார்த்தை விட்டிருக்கிறான்.

"படகுக் கொட்டகைக் கூரைக்காக அண்ணங்காரரு மலைக்கு அந்தப் பக்கமே நின்னுட்டாருய்யா. காருக்குச் சார்ஜ் இல்லையாம். மனசுக்குத்தான் சார்ஜ் இல்ல."

சிலர் சிரித்தார்களாம். செப்டம்பரில் எனக்கும் அஸ்லாக்குக்கும் அந்தக் கூரை விஷயத்தில் வாக்குவாதம் வந்தது உனக்குத் தெரியும். அவன் தகரம் போட வேண்டும் என்றான், அப்பா போட்ட கற்பலகையைப் பிரிக்கக் கூடாது என்றேன் நான். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் கூரைக்காகத் தம்பியின் பெட்டியைத் தூக்க வராமல் இருப்பவன் என்று ஹார்டாங்கர் வட்டாரம் முழுக்க என்னைப் பற்றிப் பேசினால் அதை நான் ஏற்க முடியாது. கல்லறையில் பனி உருகிய பின் ஜூனில் கல் நடுவார்கள். அன்றைக்கு நான் அங்கே நிற்க வேண்டும், அண்ணனாக நிற்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான், மற்றதெல்லாம் அதற்காகச் செய்வது.

ஊருக்குத் திரும்பிய வாரமே காரை வாங்கிய கடைக்குப் போனேன். அங்கே ராக்னா என்றொரு பெண், பொறுமையானவள், நான் சொன்னதை முழுவதும் கேட்டாள், காருக்குள் எதையோ மாட்டிப் படித்தாள். அன்றைக்குப் பேட்டரி உறைந்து போயிருந்திருக்கிறது, உறைந்த பேட்டரி மின்சாரத்தை மெதுவாகத்தான் வாங்கும் என்றாள். அது எனக்கும் தெரியும், நூலகத்தில் இருந்த பேட்டரிப் புத்தகங்களை அதற்குள் வாசித்திருந்தேன். பிறகு அவள் ஒன்று கேட்டாள், காரின் வரைபடத்தில் அந்தச் சார்ஜரை இலக்காகப் போட்டீர்களா என்று. போட்டால்தான் கார் போகிற வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கித் தயாராக வைக்குமாம். நான் சிரித்துவிட்டேன். ஹௌகாஸ்டோலுக்கு வரைபடமா, நாற்பது வருடமாகப் போகிற மலைக்கு நான் ஒரு பெட்டியிடம் வழி கேட்பேனா என்றேன்.

"வழிக்கு இல்ல ஐயா, பேட்டரிக்கு. உங்களுக்கு வழி தெரியும், காருக்குத் தெரியாதே நீங்க எங்க போறீங்கன்னு. இந்தப் பள்ளத்தாக்குல உங்க வயசுக்காரங்க ஒருத்தரும் போடமாட்டாங்க. குளிர்காலம் பூரா எனக்கு இதே பேச்சுதான்."

சரி, அதை ஒப்புக்கொள்கிறேன், இப்போதெல்லாம் போடுகிறேன், கடைக்குப் பால் வாங்கப் போனால் மட்டும் போடுவதில்லை. ஆனால் அவளிடம் நான் திருப்பிக் கேட்டேன், பேட்டரி உறைந்திருப்பது காருக்குத் தெரியுமா தெரியாதா என்று. தெரியும் என்றாள். தெரிந்துகொண்டே ஏன் இருபத்தைந்து என்று காட்டியது? அவள் ஜன்னலைப் பார்த்தாள். அது எனக்கும் தெரியவில்லை, மேலே, காரைச் செய்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள் என்றாள். தெரியவில்லை என்று அந்தப் பெண் வாய்விட்டுச் சொன்னாள் பார், அதற்காக அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

மேலே எழுதினேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. காட்டப்படும் நேரம் ஒரு மதிப்பீடு மட்டுமே, சூழ்நிலைக்கு ஏற்ப மாறக்கூடும், தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம் என்று. அசௌகரியம் என்ற சொல்லை நான் இரண்டு தடவை படித்தேன். கூடவே ஒரு பெட்டியில் காருக்குள் விரிக்கும் ரப்பர் மிதியடி நான்கு அனுப்பியிருந்தார்கள், நல்லெண்ண அன்பளிப்பாம். பெட்டியைத் திரும்பக் கட்டினேன். உன் அம்மாவுக்கு மட்டும் மனசில்லை, பழைய மிதியடி கிழிந்து கிடக்கிறது, அதையாவது எடுத்து வைத்துக்கொண்டு சண்டை போடக் கூடாதா என்று கேட்டாள். கூடாது என்றேன், தபால் நிலையத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். திரையில் எந்த மூலையில் 'மாறக்கூடும்' என்று எழுதியிருக்கிறது, அந்த மூலையின் படத்தை அனுப்புங்கள் என்று அவர்களுக்கு மறுபடி எழுதியிருக்கிறேன். அதற்குப் பதில் இன்னும் இல்லை. நான் காத்திருப்பேன், எனக்கு வேறு வேலை கிடையாது.

வீட்டிலும் எனக்கு ஆதரவு அவ்வளவு இல்லை என்று வைத்துக்கொள். ஓய்வூதியக்காரர் சங்கத்தில் வாஃபிள் அப்பமும் காப்பியும் கொடுக்கிற ஒரு செவ்வாய்க்கிழமை நான் எழுந்து நின்று இந்தக் கதையைச் சொன்னேன். எனக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான் என்று கைகள் எழுந்தன, ஒருவர் மகளின் பட்டமளிப்புக்குப் பிந்தினாராம், ஒருவர் பல் மருத்துவரிடம் போக முடியவில்லையாம். எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு அனுப்பலாம் என்று முடிவாகிற நேரத்தில் உன் அம்மா ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"கல்யாணமான நாள்லேர்ந்து இவரு பட்டறைக்குப் போறப்ப அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்னுதான் சொல்வாரு. சூப்பு மூணு தடவ ஆறிடும். அந்தக் காரு இவருகிட்டதான் படிச்சிருக்கும்."

கூடம் முழுக்கச் சிரித்தது, நானும் அவர்களோடு சிரிக்க வேண்டியதாயிற்று. கையெழுத்து மட்டும் எல்லோரும் போட்டார்கள், அவளும் போட்டாள்.

இவ்வளவையும் நான் எதற்காகச் செய்தேன் என்றால், கார் செய்த தவறுதான் என்று காரைச் செய்தவர்களிடமிருந்தே எழுத்தில் வாங்கி, அதைப் போர்கில்டின் கையில் கொடுத்து, ஸ்வெர்ரேயின் வாயை அடைக்க வேண்டும் என்பதற்காக. அதை அவளிடம் முதலிலேயே சொல்லி வைக்கலாம் என்று போன புதன்கிழமை கூப்பிட்டேன். உறைந்த பேட்டரி, பிரிந்த மின்சாரம், மிதியடி எல்லாவற்றையும் சொன்னேன். நான் முடித்த பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அவள் குரல் உயரவே இல்லை.

"அத்தான், கார் என்ன சொல்லுச்சுன்னு நான் கேக்கல. நீங்க என்ன சொன்னீங்கங்கறதுதான் எனக்கு. மூணு தடவ போன் பண்ணீங்க. மலை மூடிருவாங்க போல, நாளைக்கு வச்சுக்கலாம்மான்னு பாதிரியாரே வந்து கேட்டாரு. நான்தான் வேணாம்னேன். அத்தான் இருபது நிமிஷம்னு சொல்லிட்டாரு, அவரு சொன்னா வந்துடுவாருன்னேன். ஒரே ஒரு தடவ, தெரியலம்மான்னு சொல்லியிருந்தீங்கன்னா மறுநாள் நீங்கதான் தூக்கியிருப்பீங்க."

நான் பதில் சொல்ல வாய் எடுத்தேன். சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. அவள், கல் நடுகிற அன்றைக்கு வரணும்னு கட்டாயம் இல்லை, சௌகரியப்பட்டால் பாருங்கள் என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டாள். ஸ்வெர்ரே சொன்னதை அவள் நம்பவில்லை, கூரை விஷயத்தை அவள் வாயெடுத்தே பேசவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

இரண்டு நாள் விறகு பிளந்தேன். அம்மா, தேவைக்கு மேலே பிளந்துவிட்டீர்கள், அடுத்த குளிர்காலத்துக்கும் இருக்கிறது என்று ஜன்னலைத் திறந்து சொன்னாள். பிளந்துகொண்டே யோசித்ததில் இதுதான் எனக்குத் தெளிவானது. கார் செய்தது தவறு, அதில் நான் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்கப் போவதில்லை, ரப்பர் மிதியடி கொடுத்து என்னை யாரும் உட்கார வைக்க முடியாது. போர்கில்ட் சொன்னதும் சரி. ஒன்று சரியென்பதால் மற்றொன்று இல்லாமல் போகாது. நீ படித்தவன், இரண்டும் எப்படிச் சேர்ந்து இருக்க முடியும் என்று கேட்பாய், எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, ஆனால் இருக்கிறது.

மற்றச் செய்திகள் கொஞ்சம்தான். மேல் வீட்டு ஆட்டுக் கொட்டகையின் கூரை பனி கனத்தில் இறங்கிவிட்டது, ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த வருடம் ஈஸ்டருக்கு மலை வீட்டுக்குப் போக வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அந்த வாரத்தில் சார்ஜர் வரிசை சாலை வரைக்கும் நிற்கும், அவள் முழங்காலோடு அதில் உட்கார முடியாது. நீ கப்பலில் இருந்து கப்பலுக்குத் தாவுகிறாய் என்று மருமகள் அம்மாவிடம் சொன்னாளாம், மிதவைச் சட்டை போடாமல் அப்படிச் செய்யாதே, இருபது வயதில்லை உனக்கு. மருமகளிடம் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவாய் என்று சொல்லும்போது யோசித்துச் சொல்.

இனி யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவிடுகிறேன், பிறகு யாரும் கேள்விப்படவில்லை என்று சொல்லக் கூடாது. காரைச் செய்தவர்கள் அந்த வெள்ளை எண்ணின் பக்கத்தில் இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்று இரண்டு எண் காட்ட வேண்டும், பேட்டரி உறைந்திருந்தால் உறைந்திருக்கிறது என்று எழுத வேண்டும், கணக்குத் தெரியாதபோது தெரியாது என்று எழுத வேண்டும், என் இரண்டாவது கடிதத்துக்கும் பதில் எழுத வேண்டும். சார்ஜர் கம்பத்துக்காரர்கள் இரண்டாவது கார் வந்தால் மின்சாரம் பிரியும் என்று கம்பத்திலேயே பலகை வைக்க வேண்டும். ராக்னா தன் கடையில் கார் வாங்குகிற ஒவ்வொரு கிழவரிடமும், வழி தெரிந்தாலும் இலக்கைப் போடு என்று வாங்குகிற நாளிலேயே சொல்ல வேண்டும், சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். சங்கத்துக்காரர்கள் கையெழுத்துத் தாளை ஏப்ரலுக்குள் அனுப்ப வேண்டும், வாஃபிள் முடிந்ததும் மறந்துவிடக் கூடாது. ஸ்வெர்ரே ஒன்றும் செய்ய வேண்டாம், பெட்டியைக் கீழே விடாமல் தூக்கினான், அதற்கு நான் அவன் கையைக் குலுக்கியாக வேண்டும், குலுக்குவேன், பேச மாட்டேன். அம்மா தினமும் வாசல் படியில் ஏறி இறங்க வேண்டும், ஜூனில் அவளும் என்னோடு வருகிறாள். நீ ஓஸ்னேயைக் கூப்பிட்டு அப்பா இல்லாத வீட்டில் எப்படி இருக்கிறாள் என்று கேட்க வேண்டும், என்னைப் பற்றி ஒன்றும் பேச வேண்டாம், அவளைப் பற்றிக் கேள், அதை இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே செய்ய வேண்டும்.

நான் கல் நடுவதற்கு முந்தைய நாளே, வரச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், அதே காரில் மலை ஏறி ஐட்ஃபியோர்ட் போக வேண்டும். போர்கில்டின் வீட்டுக் கதவைத் தட்டி, அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை, தெரிந்ததுபோல் உன்னிடம் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். காரைப் பற்றி அங்கே ஒரு சொல் பேசக் கூடாது. அவள் உள்ளே கூப்பிடுவாளா என்று எனக்குத் தெரியாது.

உனக்கும் மருமகளுக்கும் எங்கள் இருவரின் ஆசியும் எப்போதும் உண்டு, கடல் உங்களை நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

உன் அப்பா,
ஹால்கிரிம்